சோயா ரகங்களில் வெள்ளை ஈ எதிர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோயா மொச்சைக்கு வெள்ளை ஈயால் மூன்று வழியில் கேடு வருகிறது. அது சாற்றை உறிஞ்சுகிறது, இனிப்பான கழிவைப் பொழிந்து இலையில் கரும்பூசணம் படரவிடுகிறது, வைரஸைச் சுமந்து வந்து ஏற்றுகிறது. ஒரு ரகம் இவற்றில் ஒன்றை மட்டும் தடுத்தாலும் விளம்பரத் தாளில் "வெள்ளை ஈ எதிர்ப்பு ரகம்" என்றுதான் அச்சாகும். கீழே உள்ள கேள்விகளில் பாதி இந்த ஒரு சொல் கிளப்பிய குழப்பத்தால் வந்தவை.

விதைப் பையில் "வெள்ளை ஈ எதிர்ப்பு" என்று போட்டிருக்கிறது. அது எதை எதிர்க்கும்?

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பூச்சியையா, நோயையா?

பூச்சியை எதிர்க்கும் ரகத்தில் முட்டையும் குஞ்சும் குறைவாக இருக்கும். வைரஸை எதிர்க்கும் ரகத்தில் பூச்சி வழக்கம்போல் வந்து உட்காரும். ஆனால் மஞ்சள் தேமல், அதாவது பூச்சி ஏற்றும் வைரஸால் இலை மஞ்சள் திட்டாகும் நோய், வராது, வந்தாலும் லேசாக வந்து நின்றுவிடும். மூன்றாவதும் ஒன்று உண்டு. பூச்சி ஏறும், இலை கொஞ்சம் கருக்கும், ஆனாலும் காய் பிடிப்பு பெரிதாகக் குறையாது. இதற்குத் தாங்குதிறன் என்று பெயர்.

சந்தையில் கிடைக்கும் "எதிர்ப்பு" சோயா ரகங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை, அதாவது மஞ்சள் தேமலை எதிர்ப்பவை. பூச்சியையே விரட்டும் ரகம் அரிது. வெள்ளை ஈ அறவே ஏறாத சோயா ரகம் என்று ஒன்று கிடையாது.

"மிதமான எதிர்ப்பு" என்ற சொல்லையும் தனியாக நிறுத்திப் படிக்கக் கூடாது. அது எந்த ரகத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது, அந்த ஆண்டு பூச்சி எவ்வளவு இருந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பூச்சியே வராத பருவத்தில் எல்லா ரகமும் எதிர்ப்பு ரகம்தான்.

வெள்ளை ஈயின் வாழ்க்கைச் சுற்றை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

எந்தப் பருவத்தை எந்த இலையில் எண்ணுவது என்பது அதை வைத்துத்தான்.

சோயாவில் வருவது பெமிசியா டபாசி. 1889இல் கிரேக்க நாட்டில் புகையிலையில் கண்டு விவரிக்கப்பட்டது. வளர்ந்த பூச்சி 1 மில்லிமீட்டர் அளவுதான். தாய்ப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில், முட்டையின் சின்னக் காம்பை இலைக்குள் செருகி வைக்கும். பொரிந்து வரும் முதல் பருவக் குஞ்சு மட்டும் கொஞ்ச தூரம் ஊர்ந்து இடம் பிடிக்கும். அதன்பின் அது நகராது. செதில்போல் ஒட்டிக்கொண்டு சாறு குடித்தபடி மேலும் மூன்று பருவங்களைக் கடக்கும். கடைசிப் பருவத்தில் கண் சிவந்து தெரியும். அதைத்தான் கூட்டுப்புழு என்கிறோம். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் பூச்சி வரை சுமார் 3 வாரம் ஆகும்.

தாய்ப்பூச்சி இளந்தளிரைத் தேடி முட்டையிடுகிறது. செடி மேலே வளர வளர, முட்டை வைத்த இலை கீழே தங்கிவிடுகிறது. எனவே ஒரே செடியில் நுனி இலையில் பூச்சியும் முட்டையும், நடு இலையில் குஞ்சு, அதற்கும் கீழே சிவந்த கண்ணும் காலிக்கூடும் என்று அடுக்கடுக்காக இருக்கும். நுனி இலையை மட்டும் பார்த்து "குஞ்சே இல்லை, ரகம் நன்றாகத் தடுக்கிறது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

செடி பூச்சியை எப்படித்தான் தடுக்கிறது?

1951இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் வகுத்த மூன்று பிரிவுகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன: விருப்பமின்மை, உயிர்ப்பாதிப்பு, தாங்குதிறன்.

விருப்பமின்மை என்றால் பூச்சி வரும், அமரும், பிடிக்காமல் எழுந்து போகும். முட்டை குறையும். உயிர்ப்பாதிப்பில் முட்டை வழக்கம்போல் விழும். ஆனால் குஞ்சு செத்துப்போகும், அல்லது வளர நாளாகும், அல்லது வரும் தாய்ப்பூச்சி சிறுத்துக் குறைவாக முட்டையிடும். தாங்குதிறன் பற்றி மேலே சொல்லியாயிற்று.

வயலில் இம்மூன்றும் கலந்தே இருக்கும். ஆனாலும் பிரித்து அறிவது பயன்படும். விருப்பமின்மை மட்டும் உள்ள ரகம், பக்கத்தில் வேறு ரகம் இருக்கும்வரைதான் அழகாக நிற்கும். சுற்றுவட்டாரம் முழுக்க அதையே விதைத்துவிட்டால் பூச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை; பிடிக்காத இலையிலேயே முட்டை வைக்கும். சிறு பாத்தியில் ஜொலித்த ரகம் பெருவயலில் சறுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இலையில் சுணை அதிகம் இருந்தால் வெள்ளை ஈ வராது என்கிறார்களே?

சோயாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் இது தலைகீழ்.

ஒரு சோயா இலையைத் திருப்பி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நரம்போரமாகச் சுணை நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில், வேலிக்கால் ஓரம் ஒதுங்கியதுபோல் முட்டைகள் இருக்கும். சுணைக் காட்டுக்குள் காற்று குறைவு, ஈரப்பதம் தங்கும், இரைவிழுங்கிகள் எளிதில் நுழைய முடியாது. ஒட்டுண்ணிக் குளவியும் சுணை அடர்ந்த இலையில் தடுமாறித்தான் நடக்கும். வழுக்கையான இலையில் இந்த வசதி எதுவும் வெள்ளை ஈக்கு இல்லை.

அமெரிக்காவில் ஒரே மாதிரியான, சுணையில் மட்டும் வேறுபட்ட சோயா மரபுவழிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், சுணை இல்லாதவற்றிலும் சுணை படுத்துக் கிடந்தவற்றிலும் வெள்ளை ஈ குறைவாக இருந்தது. ஆகவே சுணையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. நீளம், நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வரும். ஒரே ரகத்திலும் வறட்சியில் வளர்ந்த இலையில் சுணை நெருங்கியிருக்கும். இளந்தளிரில் நெருக்கமாகவும், விரிந்த இலையில் இடைவெளிவிட்டும் இருக்கும். எனவே இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது ஒரே வயதுடைய, ஒரே கணுவில் உள்ள இலைகளையே எடுக்க வேண்டும்.

அப்படியானால் சுணையே இல்லாத சோயாவை வளர்த்துவிடலாமே?

தத்துப்பூச்சி விடாது. சுணை இல்லாத சோயாவைத் தத்துப்பூச்சி கடுமையாகத் தாக்கும். சுணைதான் சோயாவுக்கு அந்தப் பூச்சியிடமிருந்து காவல். வெள்ளை ஈக்காகச் சுணையை மழித்துவிட்டு இலை ஓரம் சுருண்டு காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். படுத்த சுணை இடைப்பட்ட வழியாகத் தெரிகிறது. ஆனால் அதை விளைச்சலோடு சேர்த்துக் கொண்டுவருவது புது ரகம் உருவாக்கும் வளர்ப்பாளர் வேலை, விதை வாங்குபவர் வேலை அல்ல.

இலையின் உள்ளே என்ன இருக்கிறது?

வெள்ளை ஈ தன் ஊசிவாயை இலையின் அடிப்பக்கத்திலிருந்து செலுத்தி, உணவுச் சாறு ஓடும் குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோல் தடித்து, குழாய் ஆழத்தில் இருந்தால் சிரமம். சோயா இயல்பாகவே ஐசோஃபிளேவோன் வகைப் பொருள்களைச் சுரக்கும். பூச்சி குத்தியதும் சில ரகங்களில் இவை கூடுகின்றன. குஞ்சின் வளர்ச்சி தடைபடுகிறது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் இலை மெத்தென்று ஆகி, சாற்றில் அமினோ அமிலம் கூடி, பூச்சிக்கு விருந்தாகிவிடும். வேர்முடிச்சு நன்றாக இருக்கும் சோயாவுக்கு மேலும் யூரியா தூவுவது எதிர்ப்பு ரகத்தின் பலனை நாமே கரைப்பதற்குச் சமம்.

மஞ்சள் தேமல் எதிர்ப்பு ரகம்தான் போட்டேன். இலையைத் தொட்டால் வெள்ளை ஈ புகைபோல் எழும்புகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அந்த ரகம் தடுப்பது வைரஸை. இலைகள் பச்சையாக இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது.

மஞ்சள் தேமல் வைரஸை வெள்ளை ஈ கால் மணி நேரம்போல் சாறு குடித்தாலே ஏற்றிக்கொள்ளும். சில மணி நேரம் கழிந்தபின் அடுத்த செடிக்குப் பரப்பத் தொடங்கும். பல நாள் பரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு செடிக்கு நோய் வர ஒரே ஒரு பூச்சி போதும். அதனால்தான் பூச்சி எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் ரகம்கூட, சுற்றிலும் நோய் நிறைந்த பகுதியில் தேமலைப் பாதியாகக் குறைப்பதில்லை. தேமல் பிரச்சினை உள்ள இடத்தில் வைரஸ் எதிர்ப்பைத்தான் முதலில் தேட வேண்டும்; பூச்சி எதிர்ப்பு கூடுதல் லாபம்.

ஆனால் இலைகள் பச்சையாக இருக்கின்றன என்று பூச்சியை மறந்துவிடவும் முடியாது. காய் முற்றும் பருவத்தில் கழிவு பொழிந்து கரும்பூசணம் மூடினால், தேமல் இல்லாமலே மணி சுருங்கும்.

தண்டு கருகி நுனி வளைகிறது, தேமல் இல்லை. அதுவும் வெள்ளை ஈயாலா?

இருக்கலாம். தட்டைப்பயறு லேசான தேமல் வைரஸ் என்று ஒன்று உண்டு. பெயர்தான் லேசு, சோயாவில் தண்டையும் இலைக்காம்பையும் கருக்கி, வளர்நுனியை வளைத்துச் சாகடிக்கும். பிரேசிலில் 2000-01 பருவத்தில் கோயாஸ் மாநிலத்தில் இந்தத் தண்டு கருகல் பெரிதாகக் கண்ணில் பட்டது.

இதன் பரவல் முறை வேறு. வெள்ளை ஈ சில நிமிடம் குத்தினாலே எடுத்துக்கொள்ளும், உடனே அடுத்த செடியில் விடும், சீக்கிரமே இழந்தும்விடும். மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் பரப்பல் முடிந்திருக்கும். இங்கே விருப்பமின்மை ரகம் எதிராக வேலை செய்யவும் வாய்ப்புண்டு: பிடிக்காத இலையில் குத்திப் பார்த்துவிட்டு எழும் பூச்சி, நிம்மதியாக உட்கார்ந்து குடிக்கும் பூச்சியைவிடப் பல செடிகளைத் தொடும். இந்த வைரஸ் உள்ள பகுதியில் அதற்கான எதிர்ப்பு ரகத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். மஞ்சள் தேமல் எதிர்ப்பு இதற்கு உதவாது; இரண்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள்.

குறிப்பிட்ட ரகங்களின் பெயர் சொல்ல முடியுமா?

பூச்சி எதிர்ப்புக்கு: பிரேசிலின் காம்பினாஸ் வேளாண் நிறுவனம் வெளியிட்ட ஐ.ஏ.சி. 17, ஐ.ஏ.சி. 19 ஆகிய இரண்டும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவை.

மஞ்சள் தேமல் எதிர்ப்புக்கு: லூதியானா பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் எஸ்.எல். 525, எஸ்.எல். 958; ஜபல்பூர் ஜவகர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜே.எஸ். 97-52, ஜே.எஸ். 20-29. அதே ஜபல்பூரின் ஜே.எஸ். 335 பல ஆண்டுகள் மிகப் பரவலாகப் பயிரான ரகம். தேமலுக்கு எளிதில் இரையாகும். ஒப்பீட்டுச் சோதனையில் "நோய் வாங்கும் ரகம்" என்று நிறுத்த அது வசதி.

பெயர்ப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு நிலப்பரப்புக்குப் போகாதீர்கள். சோயா பகல் நீளத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. ஓர் அட்சரேகையில் நல்ல ரகம், இன்னொன்றில் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும்.

என் வயலிலேயே ரகங்களைச் சோதிக்க வேண்டும். எப்படி?

3 முதல் 5 ரகம் போதும். அவற்றோடு கட்டாயம் ஒரு நோய் வாங்கும் ரகமும் வேண்டும். அது இல்லாத சோதனை அளவுகோல் இல்லாத அளவை.

ஒவ்வொரு ரகத்துக்கும் 5 மீட்டர் நீளத்தில் 4 வரிசை, வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர். இப்படி ஒரு தொகுப்பு. இதே தொகுப்பு மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொன்றிலும் ரகங்களின் வரிசை மாறியிருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். "நல்ல ரகம்" என்று நினைப்பதை நல்ல மண்ணில் வைக்கும் கை நம் எல்லோருக்கும் உண்டு. சுற்றிலும் இரண்டு வரிசை நோய் வாங்கும் ரகத்தை 10-15 நாள் முன்னதாகவே விதைத்துவிடுங்கள். பூச்சி முதலில் அங்கே பெருகி, பிறகு எல்லாப் பாத்திக்கும் சமமாகப் பரவும்.

விதையில் பூச்சிக்கொல்லி நேர்த்தி இருக்கக் கூடாது. சில நிறுவன விதை ஏற்கனவே மருந்து பூசி வண்ணத்தோடு வரும், சிலது வெறுமையாக வரும். இரண்டையும் அருகருகே விதைத்தால் முதல் 3 வாரம் நீங்கள் மருந்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முளைத்து 15ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, பாத்தியின் நடு இரு வரிசையில் 5 செடிகளில் எண்ணுங்கள். வளர்ந்த பூச்சிகளை வெயில் ஏறுவதற்கு முன், அவை மந்தமாக இருக்கும்போது எண்ண வேண்டும். மேலே முழுதாக விரிந்த இலையின் காம்பைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். உங்கள் நிழல் செடிமேல் விழுந்தாலே பாதி பறந்துவிடும்.

குஞ்சுகளுக்கு, நுனியிலிருந்து நான்காவது அல்லது ஐந்தாவது இலையின் நடுச் சிற்றிலையைப் பறியுங்கள். ஒரு தடித்த அட்டையில் 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை வெட்டி, இலையின் அடிப்பக்கத்தில் நடு நரம்புக்கு ஒரு பக்கம் வைத்து லென்ஸில் எண்ணுங்கள், பிறகு மறுபக்கம். எல்லா இலையிலும் அதே இடம். இலை பெரிதாக உள்ள ரகம், சிறிதாக உள்ள ரகம் என்ற வேறுபாடு இதனால் கணக்கைக் கெடுக்காது.

தேமலுக்கு 45ஆம் நாளும் 60ஆம் நாளும் நடு வரிசைகளில் மொத்தச் செடி எத்தனை, மஞ்சள் எத்தனை என்று எண்ணி விழுக்காடு போடுங்கள். நோய் கடுமை வேறு, நோய்ப்பட்ட செடி எண்ணிக்கை வேறு; இரண்டு இலையில் மட்டும் புள்ளி உள்ள செடியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

எண்ணும்போது காலிக்கூடு நிறைய இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள், ஆனால் தனியாக எண்ணுங்கள், நிறையச் சொல்லும். கூட்டின் முதுகில் ஆங்கில டி எழுத்து வடிவில் பிளவு இருந்தால் அதிலிருந்து வெள்ளை ஈ வெளியேறியிருக்கிறது. வட்டத் துளை இருந்தால் வெளியே வந்தது ஒட்டுண்ணிக் குளவி. குளவி உள்ளே வளரும்போதே கூட்டுப்புழுவின் நிறம் மாறி இருண்டு தெரியும். ஒரு ரகத்தில் வட்டத் துளையே அதிகம் என்றால், அங்கே எதிர்ப்பைக் காட்டுவது இலையா குளவியா என்று யோசிக்க வேண்டும்.

முட்டை குறைவது ஒரு ரகத்தில், குஞ்சு சாவது இன்னொன்றில். பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?

தொட்டியில் செய்யலாம். ரகத்துக்கு 5 தொட்டி. மூன்றாவது மூவிலை விரிந்ததும் ஒவ்வொரு தொட்டியையும் 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலைக்குள் தனித்தனியாக மூடுங்கள். உறிஞ்சு குழாயால் பிடித்த 50 பூச்சிகளை ஒவ்வொன்றிலும் விட்டு, 48 மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் அகற்றிவிட்டு முட்டைகளை எண்ணுங்கள். எண்ணிய இலையில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். 25 நாள் கழித்து அதே இலையில் டி வடிவப் பிளவுள்ள கூடுகளை எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு ரகத்தில் 200 முட்டைக்கு 150 கூடு, இன்னொன்றில் 190 முட்டைக்கு 60 கூடு என்றால், இரண்டாவதில் உயிர்ப்பாதிப்பு இருக்கிறது. வேறு வழியில்லாத நிலையிலும் முட்டையே 70தான் விழுந்தது என்றால் அது உறுதியான விருப்பமின்மை. வயலில் குறைவாகத் தெரிந்து, தொட்டியில் மற்ற ரகங்களுக்குச் சமமாகிவிட்டால், முன்னே சொன்ன "போக்கிடம் இருக்கும்வரை" வகை.

வழக்கமாகக் கெடுவது ஒன்று: 20 நாளில் அடியிலை உதிர்ந்துவிடும், எண்ணிய முட்டையும் அதோடு போய்விடும். கீழ் இரண்டு இலையை விட்டுவிட்டு மேல் இலைகளையே அடையாளம் வையுங்கள்.

தாங்குதிறனை எப்படி அளப்பது?

அதே ரகங்களை இரண்டு தொகுதியாக விதைத்து, ஒன்றை மருந்தால் காத்து, ஒன்றை அப்படியே விட வேண்டும். காத்த விளைச்சலிலிருந்து காக்காத விளைச்சலைக் கழித்து, காத்ததால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் இழப்பு விழுக்காடு.

ஒரு கணக்கு: முதல் ரகம் காத்தால் பாத்திக்கு 1.5 கிலோ, காக்காமல் 1.35 கிலோ, இழப்பு 10 விழுக்காடு. இரண்டாவது காத்தால் 1.9, காக்காமல் 1.35, இழப்பு 29 விழுக்காடு. முதலாவதற்குத்தான் தாங்குதிறன் அதிகம். ஆனால் மருந்தே அடிக்காதவருக்கு இரண்டும் ஒன்று. சரியான நேரத்தில் காக்க முடிந்தவருக்கு இரண்டாவதே லாபம். விழுக்காட்டை மட்டும் பார்த்து ரகம் வாங்குவது இந்த இடத்தில்தான் தவறும். காக்காத பாத்தியின் கிலோ கணக்கை எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

குறுகிய கால ரகத்தில் வெள்ளை ஈ குறைவாகவே வருகிறது. அதுவும் எதிர்ப்புதானே?

தப்பித்தல், எதிர்ப்பு அல்ல. பூச்சி உச்சம் தொடும்போது அது முற்றிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அதே ரகத்தை 3 வாரம் தாமதமாக ஒரு பாத்தி விதையுங்கள், சாயம் வெளுத்துவிடும். தப்பித்தலும் பயனுள்ளதே. ஆனால் மழை தள்ளிப்போய் விதைப்பு தாமதமாகும் ஆண்டில் அதை நம்பக் கூடாது.

எதிர்ப்பு ரகம் போட்டும் வயல் மஞ்சளாகிவிட்டது. என்ன காரணமாக இருக்கும்?

முதலில் அது தேமல்தானா என்று பாருங்கள். தேமலில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். நோய்ச்செடிக்குப் பக்கத்திலேயே முழுப் பச்சைச் செடி நிற்கும். இரும்புச்சத்துக் குறையில் இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை சீராக மஞ்சளாகவும் இருக்கும். சுண்ணாம்பு மண்ணில், நீர் தேங்கிய பள்ளத்தில், வயலின் ஒரு பகுதி முழுக்க வரும். சாம்பல்சத்துக் குறை அடியிலையின் ஓரத்திலிருந்து தொடங்கும்.

தேமல்தான் என்று உறுதியானால் அடுத்த சந்தேகம் விதைக் கலப்பு. மஞ்சளான செடிகளின் பூ நிறம், தண்டுச் சுணையின் நிறம், முற்றிய விதையின் தழும்பு (காயோடு ஒட்டியிருந்த இடம்) நிறம் மூன்றையும் பச்சைச் செடிகளோடு ஒப்பிடுங்கள். ஊதாப் பூ ரகத்தில் மஞ்சளான செடிகள் எல்லாம் வெள்ளைப் பூ என்றால் குற்றம் ரகத்தில் இல்லை.

கலப்பும் இல்லை, எல்லாச் செடியும் ஒன்றுபோல் நோயுற்றிருக்கின்றன என்றால், அந்தப் பகுதியின் வைரஸ் வேறு. மஞ்சள் தேமலை உண்டாக்கும் வைரஸ் ஒன்றல்ல. ஓரிடத்தில் நின்ற எதிர்ப்பு இன்னோரிடத்தில் விழுவது இயல்பு. பூச்சியிலும் இதே கதை. பெமிசியா டபாசி என்று நாம் ஒற்றைப் பெயரில் அழைப்பது, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் 40க்கும் மேற்பட்ட இனங்களின் தொகுதி. எது உங்கள் வயலில் இருக்கிறது என்பதை லென்ஸால் சொல்ல முடியாது, மரபணுச் சோதனைதான் சொல்லும்.

இந்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாமா?

எதிர்ப்பு போய்விடாது. சோயா தன் மகரந்தத்தாலேயே கருவுறும். இயற்கைக் கலப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழ். எதிர்ப்பு கெடுவது பெரும்பாலும் களத்திலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும்தான், முந்தைய ரகத்தின் விதை உள்ளே தங்கி. பூக்கும்போது ஒரு முறையும் முற்றும்போது ஒரு முறையும் கலவன் செடிகளைப் பிடுங்கினால் போதும். விதை உரிமச் சட்டம் உள்ள ரகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரபணு மாற்றிய பி.டி. சோயா வெள்ளை ஈயைத் தடுக்குமா?

தடுக்காது. அதிலுள்ள புரதம் இலை தின்னும், காய் துளைக்கும் புழுக்களுக்கானது. சாறு உறிஞ்சும் பூச்சியை அது தொடாது. பருத்தியில், ஒரு பெரணியிலிருந்து எடுத்த டிஎம்ஏ12 புரதம் வெள்ளை ஈயைக் கொல்வதை லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்டது. அது பருத்தி ஆய்வு.

புது எதிர்ப்பு ரகம் வர ஏன் இத்தனை காலம்?

மஞ்சள் தேமல் எதிர்ப்பு சில மூலங்களில் ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய் தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணுவால், வருகிறது. அதைக் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க நோய் வாங்கும். எந்தச் செடி எதிர்ப்பைச் சுமக்கிறது என்று கண்ணால் தெரியாது. தன்மகரந்தத்தில் ஒரு தலைமுறை விட்டுப் பார்த்துத்தான் அடுத்த கலப்பு. அந்த மரபணுவை இலைச் சோதனையிலேயே காட்டும் மரபணுக் குறியீடு இருந்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

காட்டுச் சோயாவில் நல்ல எதிர்ப்பு கிடைக்கிறது. ஆனால் கூடவே கொடியாகப் படர்வது, கடுகளவாய்க் கறுத்த விதை, காய் வெடித்துச் சிதறுவது எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழற்றப் பல தலைமுறை பின்கலப்பு, அதாவது நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது, வேண்டும். பூச்சி எதிர்ப்பு இன்னும் கடினம்: பல மரபணுக்களின் சிறு சிறு பங்கு, ஆயிரக்கணக்கான செடிகளில் குஞ்சு எண்ண வேண்டும்.

எதிர்ப்பு ரகம் இருந்தால் மருந்து வேண்டாமா?

குறையும், தேவைப்படாமலும் போகலாம். எந்த எதிர்ப்பு என்பதைப் பொறுத்தது. வைரஸ் எதிர்ப்பு ரகத்தில் முதல் மாதப் பதற்றம் இல்லை. நோய் வாங்கும் ரகத்துக்கோ அந்த மாதம்தான் உயிர். பூப்பதற்கு முன் ஏறிய தேமல்தான் விளைச்சலை அடியோடு சாய்க்கும். அங்கே விதை நேர்த்தி சுமார் 3 வாரக் காவல் தரும். நேர்த்தியின் வரிசை முக்கியம்: முதலில் பூசணக்கொல்லி, பிறகு பூச்சிக்கொல்லி, விதைக்கும் நேரத்தில் கடைசியாக வேர்முடிச்சு நுண்ணுயிரான ரைசோபியம். மாற்றிச் செய்தால் நுண்ணுயிர் செத்துப்போகும்.

தெளிக்க நேர்ந்தால் இரண்டைத் தவிர்க்கவும். ஒன்று, செயற்கைப் பைரித்ராய்டு. குளவியையும் இரைவிழுங்கியையும் கொன்று வெள்ளை ஈயைப் பெருக்கிவிடும். எதிர்ப்பு ரகத்தோடு கூட்டாளியாக நின்றவர்களே அவர்கள்தான். இரண்டு, அடுத்தடுத்து ஒரே பிரிவு மருந்து. குஞ்சு மிகுந்திருந்தால் பைரிப்ராக்சிஃபென், புப்ரோஃபெசின், ஸ்பைரோமெசிஃபென் போன்றவை. பறக்கும் பூச்சிக்கு வேறு பிரிவு. உங்கள் பயிருக்கு அனுமதி உள்ளதா, அளவு என்ன என்பது மருந்துச் சீட்டில் இருக்கும். தெளிப்பு இலையின் அடியில் படவில்லை என்றால் எந்த மருந்தும் பயனில்லை. தெளித்தபின் நடு இலை ஒன்றைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் காய்ந்திருந்தால் முனையைக் கீழிறக்கி மேல்நோக்கித் திருப்ப வேண்டும்.

காய் பிடித்த பிறகுதான் பூச்சி ஏறுகிறது. அப்போது ரகத்தால் என்ன பயன்?

தாமதமாக ஏறும் தேமலால் இழப்பு குறைவு. எனவே வைரஸ் எதிர்ப்புக்கு இங்கே மதிப்பு குறைந்து, பூச்சி எதிர்ப்புக்கும் தாங்குதிறனுக்கும் கூடுகிறது. பருத்தி, காய்கறி அறுவடை முடிந்த வயல்களிலிருந்து பூச்சி கூட்டமாக இடம் பெயரும் பகுதிகளில் இப்படித்தான் நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரகத்தைத் தேர்வு செய்யும்போது தேமல் விழுக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, காய் முற்றும் பருவத்தில் நடு இலைகளின் குஞ்சு எண்ணிக்கையையும் கரும்பூசணம் மூடிய அளவையும் பாருங்கள். பாத்தி அறுத்தபின் ரகத்துக்கு 100 மணி எடை போடுங்கள். மணி எண்ணிக்கை குறையாமல் எடை மட்டும் இறங்கியிருந்தால், அது கடைசி மாதத்தில் கருத்த இலைகள் தின்ற பங்கு.